எச்டிஎம்எல் படிக்க எங்கே தொடங்குவது? உங்கள் ஊர் பஸ் டைமிலிருந்து

கேள்வி இது: "பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இதுவரை ஒரு வரி நிரல்கூட எழுதியதில்லை. இணையதளம் செய்யக் கற்றுக்கொள்ள ஆசை. எச்டிஎம்எல்லை முழுதாகப் படிக்க வேண்டுமா, நேராக ரியாக்ட் போய்விடலாமா? பணம் கட்டி கோர்ஸ் சேரணுமா? எவ்வளவு நாள் ஆகும்?"

சுருக்கமான பதில்: இணையப் பக்கங்களை எழுதுகிற அடிப்படை மொழியான எச்டிஎம்எல்லில் தொடங்குங்கள், அதில் அவசரப்படாதீர்கள், இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு மாதத்தில் நீங்களே எழுதி நீங்களே இணையத்தில் ஏற்றிய ஒரு பக்கம் இருக்கும். இனி விரிவாகச் சொல்கிறேன். எச்டிஎம்எல்லின் குறிச்சொற்களை டேக் என்பார்கள்; டேக் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் உச்சரிப்பாகத் தருகிறேன். நீங்கள் தட்டும்போது கோண அடைப்புக்குள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

எச்டிஎம்எல்லை இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். டேக் பெயர்களை மனப்பாடம் செய்ய இரண்டு நாள் போதும்தான். ஆனால் எச்டிஎம்எல்லின் வேலை வேறு. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு துண்டும் என்ன என்று பிரவுசருக்குச் சொல்வது அது: இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை, இது அழுத்த வேண்டிய பொத்தான். அந்தத் துண்டு எந்த நிறத்தில், எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது எச்டிஎம்எல்லின் கவலை இல்லை. "இது என்ன" என்று யோசிக்கிற பழக்கம் வரத்தான் நாளாகும். அது வந்துவிட்டால் பின்னால் படிக்கிற எல்லாம் எளிதாகும். வராமல் தாண்டிப் போனவர்கள் வருடக்கணக்கில் ரியாக்ட் (தளம் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு) எழுதியும் பக்கம் முழுக்க 'இது என்ன' என்று எதுவும் சொல்லாத வெற்றுப் பெட்டியான டிவ் டேக்காக நிரப்பி வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

பயிற்சிக்கு ஒரு பொருள் வேண்டும். "என்னைப் பற்றி" என்று ஒரு பக்கம் செய்யச் சொல்வது வழக்கம். அதில் இரண்டு பத்திக்கு மேல் எழுத விஷயம் இருக்காது. அதற்குப் பதில் உங்கள் ஊர் பேருந்து நிலையத்து நேரப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் அது இணையத்துக்கு வருகிற வழி ஒன்றுதான்: யாரோ போனில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். அந்தப் படத்துக்குள் 'நத்தம்' என்று தேட முடியாது. பார்வையற்றவரின் போன் அதைப் பெரும்பாலும் 'படம்' என்று மட்டுமே சொல்லும். ஒரு பேருந்தின் நேரம் மாறினால் மறுபடி படமெடுக்க வேண்டும். அதே விஷயத்தை எச்டிஎம்எல்லில் எழுதினால் இந்த மூன்று குறையும் போய்விடும். ஒரு தொடக்கக்காரர் கற்க வேண்டிய டேக்குகளில் முக்கால்வாசி இந்த ஒரு பக்கத்திலேயே வந்துவிடும்.

முதலில், பக்கம் எப்படித் திறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முகவரியைத் தட்டியதும் பிரவுசர் டிஎன்எஸ் மூலம் அந்தப் பெயருக்குரிய ஐபி எண்ணைக் கேட்டு வாங்கும். பிறகு அந்த எண்ணில் இருக்கிற கணினியிடம், அதாவது சர்வரிடம், "இந்தப் பக்கத்தைக் கொடு" என்று கேட்கும். சர்வர் ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திருப்பி அனுப்பும். பக்கம் இல்லையென்றால் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் 404 வரும். அந்த டெக்ஸ்ட்டைப் படித்துத் திரையில் வரைவது பிரவுசரின் வேலை. எந்தத் தளத்திலும் கன்ட்ரோல் + யூ அழுத்தினால் வந்த டெக்ஸ்ட்டை அப்படியே பார்க்கலாம். கற்கிற காலத்தில் இதைத் தினமும் செய்யுங்கள்.

ஒரு ஃபோல்டர் திறந்து, அதற்குள் 'இண்டெக்ஸ்' என்ற பெயரில், எச்டிஎம்எல் என்ற நீட்டிப்போடு ஒரு ஃபைல் உருவாக்குங்கள். நோட்பேடே போதும், விஎஸ் கோட் இலவசம், கொஞ்சம் வசதி. கணினி இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனில் ஏகோட் மாதிரி எடிட்டர் ஆப் போட்டுக்கொள்ளுங்கள். கண் கொஞ்சம் வலிக்கும், ஆனால் எச்டிஎம்எல் வரை தாராளமாகக் கற்கலாம்.

ஃபைலின் தொடக்கத்தில் வருகிற நாலைந்து வரிகளை எல்லோரும் காப்பி பேஸ்ட் செய்துவிட்டுப் போவார்கள். தமிழில் பக்கம் எழுதுகிறவர் அவற்றைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

முதல் வரி டாக்டைப். அது இல்லாவிட்டால் பிரவுசர் 1990களின் பிரவுசர்களைப் போல நடந்துகொள்ளும் பழைய முறைக்கு மாறிவிடும். அளவுகளும் இடைவெளிகளும் எதிர்பாராத விதத்தில் வரும். அடுத்தது எச்டிஎம்எல் டேக். அதில் 'லாங்' என்ற பண்பு (டேக்குக்குள் எழுதும் கூடுதல் விவரம்) கொடுத்து, மதிப்பாக டி, ஏ என்ற இரண்டு எழுத்துகளைப் போடுங்கள். இந்தப் பக்கம் தமிழ் என்று அறிவிப்பது அதுதான். பார்வையற்றவர்களுக்காகத் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும், போனிலோ கணினியிலோ உள்ள திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க அது உதவும். அதில் ஆங்கிலம் என்று இருந்தால், தமிழ் வரிகளை ஆங்கிலக் குரல் வாசிக்க முயன்று குழறலாம், சில சமயம் வாசிக்காமலே தாண்டலாம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் பெரும்பாலும் ஆங்கிலம் என்றே இருக்கும். மாற்ற மறக்காதீர்கள்.

அப்புறம் பக்கத்தைப் பற்றிய விவரங்கள் வரும் ஹெட் பகுதிக்குள் மெட்டா டேக்கில் எழுத்துக் குறியீடு: யுடிஎஃப்-8. இதை ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் சொல்ல வேண்டும் என்பது விதி, அதனால் ஹெட்டின் முதல் வரியாகவே போடுங்கள். விட்டுவிட்டால், மேலே கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வருகிற ஒரு குப்பை திரையில் வரலாம். யூனிகோட் என்பது எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடு. ஒவ்வொரு தமிழ் யூனிகோட் குறியும் யுடிஎஃப்-8இல் 3 பைட். பிரவுசர் அந்த மூன்றையும் மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாக நினைத்துக்கொள்வதால் வருகிற கோளாறு அது. 1990களில் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருக் குறியீட்டில் இருந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளைத் தரப்படுத்தியது. டிஸ்கி தனியாகப் புழங்கியது. ஒரு தளத்தைப் படிக்க அதற்கேற்ற எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டியிருந்த காலம் அது. யூனிகோட் பரவிய பிறகு இந்த ஒரு மெட்டா வரியில் அந்தத் தொல்லை தீர்ந்துவிட்டது.

இன்னொரு மெட்டா, வியூபோர்ட். பக்கத்தின் அகலம் போன் திரையின் அகலமே என்று சொல்வது. அது இல்லாவிட்டால் போன் பிரவுசர்கள் வழக்கமாக 980 பிக்சல் அகலமுள்ள கணினித் திரைக்கு வரைந்து அதைச் சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பு சைஸில் வரும். பஸ் டைம் பார்க்க வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் போனில்தான் வருவார்கள்.

இனி திரையில் தெரிகிற பாடி பகுதி. ஊர்ப் பெயரோடு முதன்மைத் தலைப்பு, எச்1, ஒன்றே ஒன்று. 'மதுரை செல்லும் பேருந்துகள்', 'திருச்சி செல்லும் பேருந்துகள்' என்று எச்2 தலைப்புகள். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தலைப்பு டேக் போடாதீர்கள். அது தலைப்பாக இருந்தால் மட்டும் போடுங்கள். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறவர் எச் விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவார். உங்கள் எச்2 ஒழுங்காக இருந்தால், அவர் நாற்பது வரிகளைக் கேட்காமல் நேராகத் திருச்சிக்குப் போய்விடுவார்.

நேரங்களுக்கு டேபிள் டேக். வரிசைக்கு டிஆர், சாதாரணக் கட்டத்துக்கு டிடி, தலைப்புக் கட்டத்துக்கு டிஎச், அட்டவணையின் பெயருக்குக் கேப்ஷன். பலர் டிஎச்சை விட்டுவிட்டு, டிடிக்குள் எழுத்தைத் தடிமனாக்கி வைப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் டிஎச் இருந்தால் திரைவாசிப்பான் "புறப்படும் நேரம், 6.40" என்று தலைப்போடு சேர்த்துச் சொல்லும், இல்லையென்றால் வெறும் "6.40". இன்னொன்று. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்துகளைக் காட்ட வரிசைக்கு இளஞ்சிவப்பு வண்ணம் கொடுக்கலாம் என்று தோன்றும். கொடுங்கள், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். தனி நெடுவரிசையில் 'மகளிருக்குக் கட்டணமில்லை' என்று எழுத்திலும் இருக்கட்டும். நிறக்குருடு உள்ளவருக்கும், வெயிலில் நின்று திரையைப் பார்க்கிறவருக்கும் எழுத்துதான் கைகொடுக்கும்.

கீழே நேர விசாரணைத் தொலைபேசி எண். அதை இணைப்புக்கான (லிங்க்) ஏ டேக்கில் வைத்து, முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 'டெல்' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒரு முக்காற்புள்ளியும் எண்ணும் போட்டால், தொட்டவுடன் போன் அழைக்கத் தயாராகிவிடும். நிலையத்தின் படம் ஒன்று சேர்த்தால் ஐஎம்ஜி டேக்கில் 'ஆல்ட்' பண்பு கட்டாயம்: 'பேருந்து நிலைய நுழைவாயில், இடப்புறம் மதுரை நிறுத்தம்' என்பது போல, படத்தைப் பார்க்க முடியாதவருக்குப் பயன்படுகிற வரியாக எழுதுங்கள். போன் கேமரா படம் பல எம்பி இருக்கும். 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஏற்றினால் சில நூறு கேபியில் முடிந்துவிடும். கிராமத்துச் சிக்னலில் இது பெரிய வித்தியாசம்.

எச்டிஎம்எல்லில் ஒரு விசித்திரம் உண்டு, அதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. நீங்கள் தப்பாக எழுதினாலும் பிரவுசர் பிழை என்று சொல்லாது. தானாக ஊகித்துத் திருத்தி வரைந்துவிடும். ஒரு சோதனை செய்து பாருங்கள். டேபிளுக்குள், எந்தக் கட்டத்திலும் சேராமல் ஒரு வரி எழுதிவிட்டுத் திறங்கள். அந்த வரி அட்டவணைக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கும். எஃப்12 அழுத்தி, பிரவுசர் கட்டிவைத்திருக்கிற அமைப்பைப் பாருங்கள்: நீங்கள் எழுதாத டிபாடி என்ற டேக்கும் அதற்குள் இருக்கும். அதேபோல, பி டேக்குக்குள் ஒரு பட்டியலைத் திறந்தால், பட்டியல் தொடங்கும் இடத்திலேயே பிரவுசர் பத்தியை மூடிவிடும். கன்ட்ரோல் + யூவில் தெரிவது நீங்கள் அனுப்பியது. எஃப்12இல் தெரிவது பிரவுசர் புரிந்துகொண்டது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கக் கற்றவருக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எழுதி முடித்ததும், இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சியின் இலவசச் சரிபார்ப்புக் கருவியில் ஒட்டிப் பாருங்கள். பிரவுசர் மறைத்த பிழைகளை அது வரி எண்ணோடு காட்டும்.

இந்தப் பொறுமை எச்டிஎம்எல்லுக்குத் தற்செயலாக நிலைத்ததல்ல. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் வேர்ல்ட் வைட் வெப்புக்கான, அதாவது இணையப் பக்கங்களின் வலைக்கான, திட்டத்தை எழுதினார்; 1991இல் அது வெளியுலகுக்கு வந்தது; 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. பின்னால், 2000இல், எக்ஸ்எச்டிஎம்எல் என்ற கறாரான வடிவம் வந்தது. அதன் விதிப்படி ஒரு டேக்கை மூட மறந்தாலும் பக்கம் வராது, பிழைச் செய்திதான் வரும். நடைமுறையில் அது எடுபடவில்லை. 2004இல் பிரவுசர் செய்கிற ஆப்பிள், மொசில்லா, ஓபரா சேர்ந்து வாட்விஜி என்ற குழுவைத் தொடங்கி வேறு வழியில் போனார்கள்: பிழையான பக்கத்தையும் எல்லா பிரவுசரும் ஒரே மாதிரி எப்படித் திருத்திப் படிக்க வேண்டும் என்று விதியாகவே எழுதிவைத்தார்கள். எச்டிஎம்எல்5 வளர்ந்தது அந்த வழியில். உலகின் முதல் இணையதளத்தின் பழைய பக்கங்களைச் செர்ன் மறுபடி ஏற்றி வைத்திருக்கிறது. உங்கள் போனில் இன்று திறந்தாலும் திறக்கும். நீங்கள் இந்த மாதம் கற்கிற டேபிள் டேக் இருபது வருடம் கழித்தும் வேலை செய்யும் என்று நான் தைரியமாகச் சொல்வது இதனால்தான். ஃப்ரேம்வொர்க் எனப்படும் எந்த ஆயத்த நிரல் சட்டகத்தைப் பற்றியும் இப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

மூன்று வாரம் போனதும், நிறம், அளவு, அமைப்பைக் கவனிக்கிற மொழியான சிஎஸ்எஸ். இதை ஒரே மூச்சில் கற்க முயலாதீர்கள்; சிஎஸ்எஸ்ஸில் உள்ள பண்புகள் நூற்றுக்கணக்கில். முதலில் பாக்ஸ் மாடல், அதாவது ஒவ்வொரு துண்டும் ஒரு பெட்டி, அதற்கு உள் இடைவெளி, கரை, வெளி இடைவெளி என்பது. அப்புறம் பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ், அப்புறம் கட்டங்களாக அடுக்கும் கிரிட். இந்த மூன்றும் கைவந்தால் பெரும்பாலான பக்கங்களை அமைக்கலாம். முதலில் போன் திரைக்குச் சரியாக வரும்படி எழுதி, பிறகு அகலத் திரைக்கு மாற்றங்களைச் சேருங்கள்.

தமிழுக்கென்று சில விஷயங்கள் ஆங்கிலப் பாடங்களில் வராது. தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் இடம் வேண்டும், அதனால் வரி உயரம் 1.6 அல்லது 1.7 வையுங்கள். இருபுறமும் சீராக நிரப்பும் 'ஜஸ்டிஃபை' வேண்டாம். நம் சொற்கள் நீளம், குறுகிய திரையில் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். சாய்வெழுத்தும் வேண்டாம், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்கென வரைந்த வடிவமே இல்லை, பிரவுசர் நேரெழுத்தைச் சாய்த்துக் காட்டும், அழகாக இருக்காது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸில் நிர்மலா யூஐ இருக்கும், அதையும் வரிசையில் இரண்டாவதாகச் சேர்த்துவிடுங்கள்.

பக்கம் ஓரளவு ஒழுங்கானதும் ஏற்றிவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் அழகாக்கிவிட்டு" என்று தள்ளிப்போட வேண்டாம். நிரல் ஃபைல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் கிட்ஹப் பேஜஸ் வசதி இதற்கு நல்ல வழி. பொதுவில் வைக்கிற ஃபைல்களுக்கு இலவசம். ஃபைல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் கட்டளைகள் தெரியாவிட்டாலும் பிரவுசரிலேயே ஃபைல்களை ஏற்றலாம், செட்டிங்ஸில் பேஜஸை இயக்கினால் ஓரிரு நிமிடத்தில் முகவரி வந்துவிடும். உங்கள் கணினியில் தெரிந்த படம் ஏற்றியதும் தெரியவில்லை என்றால், முதலில் ஃபைல் பெயரைப் பாருங்கள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. சர்வருக்கு வேறு வேறு. கேமரா படங்களின் நீட்டிப்பு பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும், நாம் சிறிய எழுத்தில் தட்டியிருப்போம். ஃபைல் பெயரில் இடைவெளி விடாமல், எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் வைப்பதை முதல் நாளிலிருந்தே வழக்கமாக்குங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் இதற்கெல்லாம் பிறகு. 1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் எழுதிய மொழி. இன்று பக்கத்துக்குள் நடக்கிற பெரும்பாலான அசைவுக்கு அதுதான் காரணம். நம் பக்கத்துக்கு ஒரு வேலை கொடுப்போம்: 'மதுரைக்கு அடுத்த பஸ்' என்று மேலே காட்ட வேண்டும். 6.40ஐ எழுத்தாக ஒப்பிட்டால் தப்பு வரும், 10.15 என்பது 6.40க்கு முன்னால் வந்துவிடும். நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள்: காலை 6.40 என்பது 400, 10.15 என்பது 615. இப்போதைய நேரத்தையும் அப்படியே மாற்றி, அதைவிடப் பெரிய முதல் எண்ணைத் தேடுங்கள். எதுவும் கிடைக்கவில்லை என்றால் கடைசி பஸ் போய்விட்டது. நாளைய முதல் பஸ்ஸைக் காட்டுங்கள். இந்தச் சின்ன வேலையில் மாறிகள், வரிசைகள், சுழற்சி, நிபந்தனை எல்லாம் வந்துவிடும். ஆனால் அட்டவணை எச்டிஎம்எல்லிலேயே இருக்கட்டும். ஸ்கிரிப்ட் ஏதோ காரணத்தால் ஓடாவிட்டாலும் நேரங்கள் தெரிய வேண்டும்.

இங்கேயும் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ஜாவாஸ்கிரிப்டிடம் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் 3 சொல்லாது, 5 சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. 'மீனாட்சி' நமக்கு 4, அதற்கு 8. படிவத்தில் பெயர்ப் பெட்டிக்கு 10 எழுத்து வரம்பு வைத்தால் அந்தப் பெட்டியும் இதே கணக்கில்தான் எண்ணும். ஆறெழுத்துத் தமிழ்ப் பெயர்கூட நுழையாமல் போகலாம். தமிழர்களுக்காகப் படிவம் செய்கிற எவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இது.

ரியாக்ட் பற்றிக் கேட்டீர்கள். 2013இல் ஃபேஸ்புக் வெளியிட்ட நூலகம், வேலை தேடும்போது கட்டாயம் கேட்பார்கள். பெரிய செயலிகளுக்குப் பயனுள்ளது. ஆனால் அதன் கடைசி வேலை எச்டிஎம்எல்லை உருவாக்குவதுதான். எது பொத்தான், எது லிங்க் என்று தெரியாமல் அங்கே போனால், டிவ்வை அழுத்தும்படி செய்து வைப்பீர்கள். மவுஸ் வைத்திருப்பவருக்கு அது வேலை செய்யும், விசைப்பலகையில் டேப் அழுத்தி நகர்கிறவருக்குச் செய்யாது. ஜாவாஸ்கிரிப்டில் நாலைந்து மாதம் பழகிய பிறகு போங்கள்.

ஏஐ கருவியிடம் கேட்டால் முழுப் பக்கத்தையும் ஒரு நிமிடத்தில் எழுதித் தருமே என்று உங்களுக்குத் தோன்றலாம். தரும். முதல் பக்கத்தை மட்டும் அதனிடம் எழுதச் சொல்லாதீர்கள். விரல் தட்டித் தட்டிப் பழகுகிற காலம் இது. நீங்கள் எழுதியது ஏன் ஓடவில்லை என்று கேளுங்கள், சரிபார்ப்புக் கருவி காட்டிய பிழைக்கு விளக்கம் கேளுங்கள். அதற்கு நன்றாகவே உதவும்.

கோர்ஸ் விஷயம். மொசில்லாவின் எம்டிஎன் தளத்தில் ஆரம்பத்திலிருந்து பாடம் இருக்கிறது, சந்தேகம் வந்தால் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வேண்டிய இடமும் அதுதான். ஃப்ரீகோட்கேம்ப்பில் பயிற்சி செய்துகொண்டே படிக்கலாம், சான்றிதழும் இலவசம். இரண்டும் ஆங்கிலம், கடினமான ஆங்கிலம் இல்லை. தமிழ் விளக்கம் வேண்டுமென்றால் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் பல மென்பொருள் பாடங்கள் தமிழிலும் உள்ளன, யூடியூபிலும் நல்ல தமிழ் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருக்காமல், ஒரு பாடம் பார்த்ததும் நிறுத்தி உங்கள் பக்கத்தில் அதைச் செய்து பாருங்கள். உடன் உட்கார்ந்து தினமும் கேள்வி கேட்க ஆள் வேண்டும் என்ற நிலை வந்தால் அப்போது பணம் கொடுத்துச் சேர்வதில் தவறில்லை. சேருமுன், முன்பு படித்த மாணவர்கள் செய்த பக்கங்களின் முகவரியைக் கேட்டு வாங்கி, எஃப்12 அழுத்திப் பாருங்கள்.

கால அளவு இப்படி வைத்துக்கொள்ளலாம்: மூன்று வாரம் எச்டிஎம்எல், அடுத்த மூன்று வாரம் சிஎஸ்எஸ், ஆறாவது வாரம் முடியுமுன் பக்கத்தை ஏற்றிவிட வேண்டும். மீதி இரண்டு வாரம் அந்த 'அடுத்த பஸ்' வேலைக்கு. ஏற்றும் முன் நிலையத்துக்கு ஒருமுறை போய், நேரக் காப்பாளரிடம் பட்டியலைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் அடியில் கடைசியாகச் சரிபார்த்த தேதியையும் போடுங்கள்.